தேதி இல்லாத கல்

அத்தியாயம் ஆறு

நானூற்றுப் பன்னிரண்டாவது படியில் மெய்லான் உட்கார்ந்துவிட்டாள்.

"செத்தவங்களை ஏன்யா இவ்வளவு உயரத்துல வைக்கிறாங்க?"

"கடல் தெரியணும்ல," என்றேன். "உயிரோட இருந்தப்ப ஜன்னலைத் திறந்தா எதிர்வீட்டுத் துணிதான் தெரிஞ்சுது. இப்பவாவது தெரியட்டுமே."

"நமக்கு?"

"நமக்குச் சாம்பலை வைக்க அலமாரியில ஒரு தட்டு கிடைச்சாலே அதிர்ஷ்டம். அதுக்கும் அஞ்சு வருஷம் வரிசையில நிக்கணும்."

மார்ச் 28, வெள்ளிக்கிழமை காலை. முன்னோருக்குப் படையல் வைக்கும் எங்கள் சீனக் கல்லறைத் திருநாளுக்கு இன்னும் ஒரு வாரம். மலைச்சரிவெங்கும் ஆட்கள் புல் வெட்டிக்கொண்டும் கல் கழுவிக்கொண்டும் இருந்தார்கள். என் மனைவி மெய்லான் தண்ணீர்க் குப்பியின் மூடியில் ஒரு மூடி மட்டும் ஊற்றி, நாக்கை நனைத்துக்கொண்டாள். ஒரு நாளைக்கு இத்தனை மூடி என்று கணக்கு. நான்கு வருடங்களுக்கு முன்பு அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் நின்றுபோயின.

இருபத்திரண்டு வருடம் அவள் காப்பீட்டு நிறுவனத்தில் விசாரணை அதிகாரி. செத்துப்போனதாகச் சொல்லப்பட்டவர்கள் உயிரோடிருக்கிறார்கள் என்று நிரூபிப்பதுதான் வேலை. மக்காவ் சூதாட்ட மேஜைகளிலிருந்து மூன்று பிணங்களைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறாள். ஓய்வுபெற்ற பிறகு சொந்தமாகத் துப்பறிய ஆரம்பித்தாள். நான் டிராம் கம்பெனி வேலையை விட்டுவிட்டு அவளுக்கு உதவியாளன் ஆனேன். சம்பளம் கிடையாது. திட்டு உண்டு.

இந்த வழக்கை எங்களிடம் கொண்டு வந்தவர் டாங் நர்ஸம்மா. டோ குவா வானில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் அவர் பதினொரு நாற்காலிகள் போட்டு ஏழைகளுக்கு ரத்தம் சுத்திகரித்துக் கொடுத்தார். செவ்வாய், வியாழன், சனி காலைகளில் ஜன்னலோர நான்காவது நாற்காலி மெய்லானுடையது. மொத்தம் அறுபத்தோரு பேர். அரசு மருத்துவமனையில் இடம் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள். தனியார் கட்டணத்தைக் கேட்டுத் தாங்களே திரும்பி வந்தவர்கள்.

பதினைந்து வருடங்களாக அந்த நாற்காலிகளை நடத்தியது குவான் பெரியவரின் அறக்கட்டளை. வயது தொண்ணூற்றொன்று. கப்பலில் சம்பாதித்து நாற்பத்திரண்டு இடங்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவர். அவரிடமிருந்துதான் அந்தக் கடிதம் வந்தது. மார்ச் 12 தேதியிட்டு, அவரே கையெழுத்திட்டிருந்தார். சிதறிக் கிடக்கும் கொடைகள் அனைத்தும் இந்த மாதக் கடைசியோடு நிறுத்தப்படுகின்றன. மொத்தப் பணமும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் குவான் பெயரில் எழும்பப்போகும் ஒரே கட்டடத்துக்குப் போகிறது.

"பெரியவர் இதை எழுதியிருக்க மாட்டார்," என்றார் நர்ஸம்மா. "மாசம் பொறந்தா போன் பண்ணி, 'எத்தனை பேர் சாப்பிட்டீங்க?'ன்னு கேப்பார். மார்ச்ல கூப்பிடலை. கேட்டா வான்கூவர்ல ஓய்வு எடுக்கறார்ங்கறாங்க. அவரைக் கண்டுபிடிச்சு என் முன்னாடி நிறுத்துங்க. நானே கேக்கறேன்."

அவர் இன்னொன்றும் சொன்னார். அறக்கட்டளையின் பத்திரப்படி, கொடுக்கும் இடங்களை மாற்றப் பெரியவர் ஒருவருக்குத்தான் உரிமை. 'நான் கண்ணை மூடினதும் பட்டியலுக்குப் பூட்டு விழுந்துடும், என் பொண்ணு உட்பட யாரும் தொட முடியாது' என்று அவரே பெருமையாகச் சொல்வாராம்.

எங்களுக்குக் கிடைத்த ஒரே துப்பு இந்த மலைதான். இருபத்தொன்பது வருடங்களாகத் திருநாளுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, பெரியவர் எந்த நாட்டில் இருந்தாலும் வந்து இறங்கி, வறுத்த பன்றிக்கறியோடு மனைவியின் கல்லறைக்கு வருவார். இன்று வந்தால் கையோடு பிடித்துவிடலாம்.

மத்தியானம் வரை காத்திருந்தோம். அவர் வரவில்லை.

"போகலாம் மெய். பன்றிக்கறி வாசனை நாலு பக்கமும் வருது, நம்ம பக்கம் மட்டும் வரலை."

அவள் குவான் குடும்பத்துக் கல்லுக்கு முன்னால் நின்று, பிறகு பக்கத்துக் கல்லுக்குப் போய், அதற்கடுத்த கல்லுக்கும் போய்த் திரும்பி வந்தாள்.

"யோவ் கிழவா, இதைப் படி."

"வலது பக்கம் அம்மா பேரு. இடது பக்கம் பெரியவர் பேரு. ஜோடிக் கல்லு. முன்கூட்டியே வாங்கிப் போட்டிருக்கார், பணக்காரர். இதுல என்ன?"

"என்ன எழுதியிருக்குன்னு கேக்கலை. எந்தக் கலர்ல எழுதியிருக்கு?"

"ரெண்டும் தங்க..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன்.

பக்கத்துக் கல்லைப் பார்த்தேன். போன கணவன் பெயர் தங்கத்தில், இன்னும் இருக்கும் மனைவி பெயர் சிவப்பில். அதற்கடுத்த கல்லிலும் ஒன்று தங்கம், ஒன்று சிவப்பு. ஜோடிக் கல்லில் உயிரோடிருப்பவர் சிவப்பு எழுத்தில்தான் காத்திருப்பார். எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குத்தான் ஒரு காலை முழுக்கத் தெரியவில்லை.

"பெயின்ட் அடிக்கறவன் தப்புப் பண்ணியிருப்பான்," என்றேன். "திருநாள் அவசரம்."

"பொறந்த தேதி செதுக்கியிருக்கு. செத்த தேதி?"

அந்த இடம் மொழுமொழுவென்று வெறுமையாக இருந்தது.

"பார்த்தியா," என்றாள். "செத்துட்டார். எப்போன்னுதான் இன்னும் முடிவாகலை."

*

கல்லறை வாசலில் எழுத்துக்கு வண்ணம் பூசும் சியூவின் கொட்டகை இருந்தது. அறுபது வயது, விரல் நகங்களில் தங்கத்தூள். எங்களைப் பார்க்காமலேயே விலை சொன்னார்.

"ஒரு எழுத்துக்கு நாப்பது டாலர். தங்கம்னா அறுபது."

"குவான் குடும்பத்துக் கல்லுல ஒரு தப்பு நடந்திருக்கு அண்ணே," என்றாள் மெய்லான். "சிவப்பா இருக்க வேண்டியதைத் தங்கமாக்கிட்டீங்க."

சியூ தூரிகையைக் கீழே வைத்தார்.

"தப்பா? நானா? முப்பத்தெட்டு வருஷமா இந்த வேலை பார்க்கறேன். ஒருத்தரைக் கொல்றதுக்கு முன்னாடி ரெண்டு தடவை கேட்டுக்குவேன்மா."

"யாரைக் கேட்டீங்க?"

"பெரியவர் பொண்ணு வந்துச்சு. வண்டியில இல்லை, நடந்தே ஏறி வந்துச்சு. 'நிச்சயமாத் தங்கமா?'ன்னேன். 'தங்கம்'னுச்சு. 'தேதி செதுக்கணுமே'ன்னேன். 'அது அப்புறம்'னுச்சு. நான் பூசி முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நின்னு அழுதுச்சு. தப்புன்னு அவங்க சொன்னா, அவங்க மூஞ்சிக்கு முன்னாடி வந்து சொல்லச் சொல்லுங்க!"

"என்னைக்கு வந்தாங்க?"

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு?"

"எனக்கு அந்தக் கஷ்டம் புரியுது அண்ணே," என்று நான் நுழைந்தேன். "நான் கல்யாண நாளையே மறந்து போறவன். ஆனா வீட்டுக்காரி சும்மா விடமாட்டா. உங்க வீட்ல எப்படி?"

சியூ முதல்முறையாகச் சிரித்தார். மெய்லான் சிரிக்கவில்லை. அவள் கொட்டகைச் சுவரில் தொங்கிய பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லறை வேலைக்கு ஆகும் நாட்களுக்கு மட்டும் சியூ சிவப்பு வட்டம் போட்டிருந்தார். மார்ச்சில் அதுவரை இரண்டே வட்டங்கள். ஏழாம் தேதி, இருபத்திரண்டாம் தேதி.

"நல்ல நாள் பார்த்துத்தான் கல்லைத் தொடுவீங்க, இல்லையா?"

"பின்னே?"

"இருபத்திரண்டாம் தேதியா இருக்கும்."

"இல்லையே, அன்னைக்கு மழை கொட்டிச்சு. நான் கடையே திறக்கலை."

அவள் என் பக்கம் திரும்பினாள். ஏழாம் தேதி பெரியவர் பெயர் தங்கமாகிவிட்டது. பன்னிரண்டாம் தேதி அவர் கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

"இருபத்திரண்டு வருஷம் பிணங்களை உயிரோட பிடிச்சேன்," என்றாள் படி இறங்கும்போது. "முதல் தடவையா உயிரோட இருக்கறவரைப் பிணமாப் பிடிச்சிருக்கேன்."

அன்று அவள் சந்தோஷமாக இருந்தாள். அதை எழுதிவைக்க வேண்டும். பூட்டு விழுந்துவிட்டது என்று நினைத்தோம். பட்டியல் பத்திரம், நாற்காலிகள் பத்திரம். மினிபஸ்ஸில் என் பால் தேநீரில் இரண்டு மிடறு திருடினாள். ஐந்தாவது மூடி, ஆறாவது மூடி என்று தானே எண்ணிக்கொண்டாள்.

*

அன்றே சென்ட்ரலில் குவான் அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போனோம், முப்பத்தோராவது மாடி. மிஸ் குவானுக்கு ஐம்பது வயதிருக்கும். நகை இல்லை, சாயம் இல்லை. பெரியவரின் ஒரே மகள். எங்களுக்குத் தானே தேநீர் ஊற்றினார்.

"டாங் நர்ஸம்மாவை எனக்குச் சின்ன வயசுலேருந்து தெரியும்," என்றார். "கோபமா இருக்காங்களா?"

"பயமா இருக்காங்க," என்றாள் மெய்லான்.

"நாப்பத்திரண்டு இடத்துக்கு நாப்பத்திரண்டு காசோலை. அப்பா அதைத்தான் தர்மம்னு நினைச்சார். இப்ப யாரும் அப்படிக் குடுக்கறதில்லை அம்மா. பெரிய குடும்பங்கள் எல்லாம் மாறிட்டாங்க. ஒரே இடம், ஒரே பெரிய தொகை, கண்ணால பார்க்கற மாதிரி ஒரு மாற்றம். போன வருஷம் கொடையாளிங்க கூட்டத்துல ஒருத்தர் என்கிட்ட, 'உங்க பணத்தால உலகத்துல என்ன மாறிச்சு?'ன்னு கேட்டார். பதினொரு நாற்காலின்னு சொன்னேன். நான் ஜோக் அடிக்கறேன்னு நினைச்சுச் சிரிச்சார்."

"அறுபத்தோரு பேர்," என்றாள் மெய்லான்.

"அதுல எத்தனை பேர் குணமாகிப் போனாங்க?"

"யாரும் இல்லை. இது குணமாகற வியாதி இல்லை."

"அப்ப வருஷ அறிக்கையில நான் என்ன எழுத? இந்த வருஷமும் யாரும் குணமாகலைன்னா?"

"யாரும் சாகலைன்னு எழுதலாம்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. அந்த விடை அவருக்குத் தோன்றியதே இல்லை போலிருந்தது.

மெய்லான் கைபேசியில் எடுத்திருந்த படத்தை மேஜைமேல் வைத்தாள். இரண்டு பெயர்கள், இரண்டும் தங்கம்.

"ஏழாம் தேதி பூசியிருக்கீங்க. கடிதம் பன்னிரண்டாம் தேதி."

மிஸ் குவான் படத்தை வெகுநேரம் பார்த்தார். மறுக்கவில்லை.

"சிவப்பாவே விட்டிருந்தா எங்களுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது," என்றாள் மெய்லான், கிட்டத்தட்ட அன்பாக.

"உங்கப்பா இருக்காரா?"

"இல்லை."

"அவர் பேரை ஒரு நாளாவது சிவப்புல விட்டு வச்சிருப்பீங்களா?"

மெய்லான் கைபேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பேப்பர்காரங்க கிட்ட அப்பா இருக்கார்னு சொன்னேன். பேங்க்ல சொன்னேன், பல்கலைக்கழகத்துல சொன்னேன். ஒண்ணும் தோணலை. அம்மா பக்கத்துல அவரைப் பொய்யா நிக்க வைக்க மட்டும் முடியலை." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வான்கூவர்ல நாலாம் தேதி தூக்கத்துலயே போயிட்டார். சரி. இப்ப என்ன பண்ணப்போறீங்க?"

"கோர்ட்டுக்குப் போவோம். செத்தவர் கையெழுத்து செல்லாது. பட்டியல் அப்படியே நிக்கும்."

"போங்க. ஜெயிப்பீங்க." அவர் குரலில் மிரட்டல் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. "எங்க வக்கீலே சொல்லிட்டார், மூணு வருஷத்துல தோத்துடுவோம்னு. ஆனா வழக்குன்னு வந்த அன்னைக்கே பேங்க் எல்லாத்தையும் முடக்கிடும். மூணு வருஷம் ஒரு டாலர் அசையாது. பட்டியல்ல இருக்கற லைப்ரரி காத்திருக்கும். பள்ளிக்கூடம்கூடக் கடனை உடனை வாங்கி இழுக்கும்." அவர் பார்வை மெய்லானின் இடது கையில், சட்டைக்கு வெளியே புடைத்துத் தெரிந்த ஊசி நரம்பில் நின்றது. "நீங்க எத்தனை நாள் காத்திருப்பீங்க அம்மா?"

அதற்கான விடை எங்கள் மூவருக்குமே தெரியும். இரண்டு வாரம். உடம்பு நன்றாக இருந்தால் மூன்று.

முப்பத்தோராவது மாடியில் ஜன்னல் திறக்காது. துறைமுகத்தில் படகு போவது சத்தமில்லாமல் தெரிந்தது. நான் ஏதாவது ஜோக் சொல்ல வேண்டிய இடம் அது. நான் தேநீரைக் குடித்தேன்.

"இன்னும் ஒரு வருஷம் உங்க நாற்காலிகளை நடத்தித் தர்றேன்," என்றார் மிஸ் குவான். "அப்பா கையெழுத்தோட எழுதியே..."

"கையெழுத்து வேண்டாம்," என்றாள் மெய்லான். "இந்த ஆபீஸ்ல கையெழுத்துக்கு என்ன மதிப்புன்னு பார்த்துட்டேன். நாளைக்கு நீங்களே 'அப்பா நாலாம் தேதியே போயிட்டார், இது செல்லாது'ன்னு சொல்லலாம். எனக்குப் பெட்டி வேணும். வடிகட்டி, குழாய், ஊசி, கரைசல், ஒரு வருஷத்துக்கு. லாரியில ஏத்தி நாளைக்கு மத்தியானத்துக்குள்ள டோ குவா வான்ல இறக்கணும். வாடகையும் நர்ஸுங்க சம்பளமும் அவங்கவங்க கையில முன்கூட்டியே போகணும். இறங்கின பெட்டியை எந்தத் தேதியாலயும் திரும்ப ஏத்த முடியாது."

"பதிலுக்கு?"

"எனக்கு வயசாயிடுச்சு. சிவப்பும் தங்கமும் ஒண்ணாத்தான் தெரியுது."

அவள் கைபேசியை எடுத்து அந்தப் படத்தை மிஸ் குவான் கண் முன்னாலேயே அழித்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

டிராமில் கேட்டேன். "மீதி நாப்பத்தொண்ணு?"

"அவங்க யாரும் என்கிட்ட கேஸ் குடுக்கலை," என்றாள். நாங்கள் இறங்கும் நார்த் பாயின்ட் வரும்வரை வெளியே கடைப் பலகைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அன்று இரவு சாப்பிடவில்லை.

*

சனிக்கிழமை பதினொன்றரைக்கே லாரி வந்துவிட்டது. நான் அதுவரை சுமந்த எதையும்விடச் சந்தோஷமாக அந்தப் பெட்டிகளைச் சுமந்தேன். டாங் நர்ஸம்மா படியில் நின்று அழுதார்.

"பெரியவரைப் பார்த்தீங்களா?"

ஊசி குத்திய கையை அசைக்காமல் நாற்காலியில் சாய்ந்திருந்தாள் மெய்லான். "பார்த்தேன். உங்களுக்கு ஒரு வருஷம் குடுக்கச் சொன்னார்."

"எப்படி இருக்கார்?"

"ரொம்ப மெலிஞ்சுட்டார்."

நான் பெட்டிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். ஐந்தாவது நாற்காலியில் ஹோ, என்னோடு டிராம் ஓட்டியவன், சத்தமாகச் சொன்னான்: "பெரியவர் நூறு வயசு இருக்கணும்!" மற்ற நாற்காலிகளிலிருந்தும் அதே குரல் எழுந்தது. ஹோ பக்கத்தில் திரும்பி, "என்ன அக்கா, நீங்க மட்டும் சும்மா இருக்கீங்க?" என்றான்.

"நூறு வயசு," என்றாள் மெய்லான்.

பெரியவர் அதற்குப் பிறகு இருபத்தைந்து நாட்கள் வாழ்ந்தார். கட்டடத்துக்கான விழா நடந்தது. மகள் அவர் சார்பில் மண்ணை வெட்டினார். ஏப்ரல் 23 அன்று பத்திரிகைகளில் கறுப்புக் கட்டம் வந்தது. காலம் அறிந்து கொடுத்த வள்ளல் என்று ஒரு தலையங்கம் எழுதியது. எந்த நாட்டு இறப்புச் சான்றிதழை எந்த நாட்டுச் சான்றிதழால் மாற்றினார்கள் என்று நாங்கள் விசாரிக்கவில்லை.

நர்ஸம்மா வற்புறுத்தியதால் அஞ்சலிக்குப் போனோம். படத்தின் முன்னால் மூன்று முறை குனிந்தோம். ஓரத்தில் நின்றிருந்த மிஸ் குவான் மரபுப்படி எங்களுக்குத் திரும்பக் குனிந்தார். மெய்லான் குனிந்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே குனிந்தார்.

வெளியே வரும்போது நர்ஸம்மா ஒருவரை அழைத்து வந்தார். மெலிந்த மனிதர், சலவை செய்த பழைய கோட்டு.

"இவர் யிப் மாஸ்டர். காது கேட்காத பிள்ளைங்க பள்ளிக்கூடம் நடத்தறார். மாஸ்டர், இவங்கதான் எங்களுக்காகப் பெரியவரைக் கண்டுபிடிச்சுப் பேசினவங்க."

யிப் மாஸ்டர் மெய்லானைப் பார்த்த பார்வையில் பொறாமை இல்லை. இருந்திருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்ப நீங்க நேர்ல பார்த்திருக்கீங்க," என்றார். "அவரே சொன்னாராம்மா, எங்க பள்ளிக்கூடத்தை விட்டுடுங்கன்னு?"

"எங்க பேச்சு நாற்காலியைப் பத்தி மட்டும்தான் ஐயா."

"ஜூன்ல மூடறோம். நாப்பத்து நாலு பிள்ளைங்க. அதுக்கு நான் அவரைக் குறை சொல்லலை, அவர் பணம். ஆனா வருஷா வருஷம் வந்து கைச்சைகையாலயே பிள்ளைங்களோட பேசுவார். எண்பது வயசுல கத்துக்கிட்டார்மா! அந்தக் கையா அந்தக் கடிதத்துல கையெழுத்துப் போட்டுச்சு? எனக்கு நம்பவே முடியலை." தயங்கினார். "உங்க கட்டணம் என்னன்னு தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாத் தருவேன். யார் அவர்கிட்ட எப்படி வாங்கினாங்கன்னு மட்டும் விசாரிச்சுச் சொல்ல முடியுமா?"

தன் பெயர் அட்டையை இரண்டு கைகளாலும் நீட்டினார். மெய்லான் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

"விசாரிச்சுப் பார்க்கறேன் ஐயா," என்றாள்.

அதன் பிறகு அவள் எந்த வழக்கையும் எடுக்கவில்லை. யிப் மாஸ்டர் நான்கு முறை தொலைபேசியில் அழைத்தார். நான்கு முறையும், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லி வைத்தாள். அக்டோபரில், ஒரு புதன்கிழமை காலை, நாற்காலி இல்லாத நாளில், அவள் இதயம் நின்றது. பெட்டிகளில் ஏறக்குறையப் பாதி இன்னும் மிச்சம் இருந்தது.

ஐந்தாவது அழைப்பை நான்தான் எடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் இரங்கல் சொன்னார். பிள்ளைகளை வெவ்வேறு இடங்களுக்கு அனுப்பியாகிவிட்டது என்றார். மெய்லான் ரொம்ப நல்லவர் என்றார். பிறகு, வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டார்:

"தப்பா நினைக்காதீங்க சார். போறதுக்கு முன்னாடி அம்மா ஏதாவது கண்டுபிடிச்சாங்களா?"

டோ குவா வானில் அப்போதும் அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"இல்லை மாஸ்டர்," என்றேன். "ஒண்ணும் கிடைக்கலை."